எந்த நாட்டுக் கார் சிறந்தது? சேலத்து ஓட்டுநர்கள் ஏன் ஒத்துப்போவதில்லை

உலகிலேயே சிறந்த காரைச் செய்யும் நாடு எது என்று சேலத்தில் நான்கு ஓட்டுநர்களிடம் கேட்டால் நான்கு பதில்கள் கிடைக்கும். டிராவல்ஸ் வைத்திருப்பவர் சற்றும் யோசிக்காமல் ஜப்பான் என்பார். வாரந்தோறும் பெங்களூருக்கும் ஊருக்குமாக நெடுஞ்சாலையில் போய்வருபவர் ஜெர்மனி என்பார். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்குள் கல்லும் சேறுமான பாதையில் ஜீப் ஓட்டிப் பழகியவர் நம் நாட்டு வண்டியை விட்டுக்கொடுக்கமாட்டார். முதல் காரை வாங்கி ஓரிரு ஆண்டுகளே ஆன இளைஞர் கொரியாவின் பெயரைச் சொல்வார். இவர்களில் எவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தாம் ஓட்டும் சாலையில், தமக்கு முக்கியமாகப் படும் ஒன்றை வைத்து, தம் கைக்கு வந்த சில வண்டிகளைக் கொண்டு அளந்திருக்கிறார்கள். அளவுகோல்கள் வெவ்வேறாக இருக்கும்போது விடை மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதால்தான் இந்த விவாதம் முடிவதில்லை. அதற்கும் முன்னால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒரு கார் எந்த நாட்டுடையது என்பதே இன்று எளிதில் சொல்லக்கூடியதாக இல்லை.

இந்தச் சிக்கல் நம் தலைமுறையில் தோன்றியதும் அன்று. லாரித் தொழிலை நம்பி வாழும் சேலம், சங்ககிரி, நாமக்கல் வட்டாரத்தில் பழைய ஓட்டுநர்கள் டாடா லாரியைப் ‘பென்ஸ் வண்டி’ என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 1954 முதல் 1969 வரை டாடா நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் கூட்டாக லாரி செய்ததன் தடம் அது. 2014 வரை உற்பத்தியில் இருந்த அம்பாசிடரை இந்தியக் கார் என்று பெருமையோடு சொன்னோம். அதன் வடிவம் பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, 1990களில் வந்த மாடலில் இருந்த எஞ்சின் ஜப்பானின் இசுசூ, செய்த இடம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா. அண்மைக் காலத்துக்கு வந்தால் கலப்பு இன்னும் கூடுகிறது. ஏற்காடு மலையேறிய எத்தனையோ மாருதி சுவிஃப்ட் டீசல்களில் இருந்தது இத்தாலியின் ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சின். அதே எஞ்சின் டாடா விஸ்டாவிலும் ஓடியது. ஆகவே ஜப்பான் வண்டியின் இழுவையைப் புகழ்ந்தவரும் டாடாவின் இழுவையைப் புகழ்ந்தவரும் தம்மை அறியாமல் ஒரே இத்தாலிய எஞ்சினைப் புகழ்ந்திருக்கிறார்கள். டொயோட்டா கிளான்சா என்ற பெயரில் விற்பது குஜராத்தில் சுசூகி செய்யும் பலேனோ. வால்வோ கார் நிறுவனம் 2010 முதல் சீனாவின் ஜீலி குழுமத்தின் கையில் இருக்கிறது. ஜாகுவாரும் லேண்ட் ரோவரும் 2008 முதல் டாடாவுடையவை. சேலத்தில் ஓடும் ஹூண்டாய் கார்களில் பெரும்பாலானவை ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் உருவானவை. 2024-ல் குஜராத்தில் செய்த சுசூகி ஃபிராங்க்ஸ் ஜப்பானுக்கே ஏற்றுமதியானது.

அப்படியானால் நாட்டின் பெயருக்குப் பொருளே இல்லையா என்றால், இருக்கிறது. ஒரு நிறுவனம் எந்தச் சாலைகளுக்காக முதன்முதலில் கார் செய்யக் கற்றுக்கொண்டதோ, அந்தப் படிப்பினை அதன் பொறியாளர்களை விட்டு எளிதில் நீங்குவதில்லை. ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் பல பகுதிகளுக்கு வேக வரம்பு கிடையாது. மணிக்கு 130 கிலோமீட்டர் என்பது அங்கே பரிந்துரை மட்டுமே. மணிக்கு 200 கிலோமீட்டரில் திடீரென்று பிரேக் போட்டாலும் நேராக நிற்க வேண்டும் என்று திட்டமிட்ட வண்டியை நம் ஓட்டுநர் கிருஷ்ணகிரிச் சாலையில் 100-ல் ஓட்டும்போது, அதன் வலிமையில் பாதியைக்கூடப் பயன்படுத்துவதில்லை. அந்த மிச்ச வலிமைதான் அவருக்கு ‘ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகிறது’ என்ற உணர்வைத் தருகிறது. அதற்கு அவர் கொடுக்கும் விலையும் உண்டு. குறித்த காலத்தில், குறித்த எண்ணெயைக் கொண்டு, பயிற்சி பெற்றவர் பராமரிப்பார் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்ட சிக்கலான பாகங்கள் அதில் இருக்கின்றன. அந்த நம்பிக்கை நம் ஊரில் பொய்க்கும்போது செலவு உயர்கிறது.

ஜப்பானின் சூழல் வேறு. நெருக்கமான தெருக்கள், இறக்குமதி செய்த பெட்ரோல், ‘ஷாக்கென்’ எனப்படும் செலவு மிகுந்த கட்டாயப் பரிசோதனை ஆகியவை அங்கே காரின் உருவத்தைத் தீர்மானித்தன. புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டிலும், பின்னர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் அந்தப் பரிசோதனை நடக்கிறது. 660 சி.சி. எஞ்சினும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட ‘கே’ வகைக் கார்களுக்குள் நான்கு பேரை உட்காரவைக்கப் பழகிய சுசூகிக்கு இந்தியக் குடும்பத்தின் தேவை புரிந்ததில் வியப்பில்லை. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 அந்தப் பள்ளியில் படித்த கார். அமெரிக்காவின் நீண்ட நேர்ச்சாலைகளும் மலிவான பெட்ரோலும் வளர்த்த பெரிய பிக்கப் வண்டிகளுக்கு நம் ஊரில் அதிக வேலையில்லை. நம் நாட்டிலோ சாலையைவிட வரிதான் காரை வடிவமைத்தது. 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குக் குறைந்த சிறு கார்களுக்குக் கலால் வரி குறைக்கப்பட்ட பிறகு, பின்பக்கம் வெட்டினாற்போன்ற செடான்களும் குட்டி எஸ்.யு.வி.க்களும் பெருகின. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மாற்றியமைக்கப்பட்டபோதும் சிறு காருக்கு 18 சதவீதம், பெரியதற்கு 40 சதவீதம் என்று அந்தக் கோடு அப்படியே நின்றது.

இனி ஏற்காட்டு மலைப்பாதைக்கு வருவோம். ஓட்டுநர்களின் கருத்து வேறுபாட்டுக்கான காரணங்கள் இந்தச் சாலையில் தெரிவதுபோல் வேறெங்கும் தெளிவாகத் தெரிவதில்லை என்பது என் எண்ணம். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அடிவாரத்திலிருந்து மேலே போகும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். உயரம் ஏற ஏறக் காற்று மெலிவதால், டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் தன் திறனில் ஏறத்தாழ ஒரு சதவீதத்தை இழக்கிறது. ஏற்காட்டை அடையும்போது சேலத்தில் இருந்த திறனில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு போய்விடும். டர்போ எஞ்சின் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பைப் பெரிதும் ஈடுகட்டிவிடுகிறது. அப்படிப் பார்த்தால் சிறு டர்போ எஞ்சின் கொண்ட ஐரோப்பிய வகைக் கார்தான் இந்த மலைக்கு ஏற்றது என்று தோன்றும். ஆனால் கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்து, எஞ்சின் சுழற்சி தாழ்ந்துபோன அந்த ஒரு நொடியில் டர்போ இன்னும் விழித்திருக்காது. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துச் சுழற்சியை உயர்த்தி வைத்துக்கொள்பவருக்கு வண்டி அம்பாகப் பாயும். குறைக்காமல் திரும்பியவருக்கு நின்றுவிடுவதுபோல் திணறும். இருவரும் மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரே காரைப் பற்றி எதிரெதிரான இரண்டு தீர்ப்புகளைச் சொல்வார்கள், இரண்டும் அவரவர் கண்டதுதான்.

கியர்ப்பெட்டியின் வகையும் இதே வேலையைச் செய்கிறது. ஏ.எம்.டி. எனப்படும் மலிவான தானியங்கி முறையில் கிளட்சை ஒரு சிறு மோட்டார் இயக்குவதால், வளைவின் நடுவில் அது கியர் மாற்ற முடிவுசெய்தால் இழுவை ஒரு கணம் அறுந்துபோகிறது; மேனுவல் நிலைக்கு மாற்றிக்கொள்ளத் தெரிந்தவருக்கு அந்தத் தொல்லை இல்லை. இரட்டைக் கிளட்ச் கொண்ட கியர்ப்பெட்டி காலியான சாலையில் மிக இனிமையானது. ஆனால் மே மாதக் கோடை விழாவின்போது வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து ஏறும் நெரிசலில், எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் வகை சூடேறி எச்சரிக்கை விளக்கைக் காட்டக்கூடும். அந்த ஒரு நாளின் அனுபவத்தை வைத்து ஒரு நாட்டையே தள்ளிவைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களின் கோபம் நியாயமானது, ஆனால் அது அந்தக் கியர்ப்பெட்டியின் மீதுதான் செல்ல வேண்டும்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் பெரிய சோதனை. ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள கார் 1,200 மீட்டர் கீழே இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் ஏறத்தாழ ஐந்து யூனிட் மின்சாரத்துக்குச் சமம். சிறிய கியரில் இறங்கினால் இதில் பெரும் பகுதியை எஞ்சினே தாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினாலோ மேல் கியரில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினாலோ அத்தனையும் நான்கு சக்கரங்களின் பிரேக்கில் வெப்பமாகச் சேரும். பிரேக் எண்ணெய் காலப்போக்கில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் அதன் கொதிநிலை தாழ்கிறது. கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் மிதி தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய அந்த எண்ணெயை ஆண்டுக்கணக்கில் மாற்றாத ஜெர்மன் காரைவிட, அதைச் சரியாக மாற்றிய சிறிய ஆல்ட்டோவில் ஏற்காட்டிலிருந்து இறங்குவதை நான் தயங்காமல் தேர்ந்தெடுப்பேன். தர்மபுரியிலிருந்து வரும் தொப்பூர்க் கணவாயின் நீண்ட இறக்கத்துக்கும் இதே விதிதான்.

முத்திரை ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் கார் ஒன்றாக இருப்பதில்லை என்பதற்கு 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு வெளியிட்ட மோதல் சோதனையைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. இந்தியாவில் விற்ற ஐந்து சிறு கார்களின் அடிப்படை மாடல்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தார்கள். மாருதி சுசூகி ஆல்ட்டோ 800, டாடா நானோ, ஃபோர்டு ஃபிகோ, ஹூண்டாய் ஐ10, ஃபோக்ஸ்வாகன் போலோ. ஜப்பானியத் தொழில்நுட்பம், இந்தியா, அமெரிக்கா, கொரியா, ஜெர்மனி என்று ஐந்து வழிகளில் வந்த ஐந்து கார்களும் பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. இரண்டு ஏர்பேக் பொருத்திய அதே போலோ மீண்டும் சோதிக்கப்பட்டபோது நான்கு நட்சத்திரம் பெற்றது. உடல் வலுவாகத்தான் இருந்திருக்கிறது. ஏர்பேக் இல்லாத மாடலை இந்தியச் சந்தையில் விற்கலாம் என்று எங்கோ ஓர் அலுவலகத்தில் எடுத்த முடிவுதான் வேறுபாட்டை உண்டாக்கியது. ஐரோப்பாவில் ஓடும் ஒரு காரைப் பற்றி அங்குள்ள உறவினர் சொல்வதைக் கேட்டு இங்கே அதே பெயருள்ள காரை வாங்குபவர் இதை நினைவில் கொள்ள வேண்டும். அந்தச் சோதனைகள் நம் நிறுவனங்களை உலுக்கின என்பதும் உண்மை. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் பெற்றது. இந்தியாவில் செய்து இங்கேயே விற்ற கார் ஒன்று குளோபல் என்கேப் சோதனையில் அதைப் பெற்றது அதுவே முதல்முறை. 2023 அக்டோபரில் பாரத் என்கேப் என்ற நம் நாட்டுச் சோதனை முறையே நடைமுறைக்கு வந்தது. மெல்லிய தகடு என்று பல ஆண்டுகள் குறைசொல்லப்பட்ட மாருதியின் புதிய டிசையர் 2024-ல் ஐந்து நட்சத்திரம் வாங்கியது.

நம்பகத்தன்மையில் ஜப்பானுக்குக் கிடைத்த பெயருக்கும் தெளிவான வரலாறு இருக்கிறது. 1950-ல் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் ஜப்பானியப் பொறியாளர்களுக்கும் தொழிலதிபர்களுக்கும் தரக் கட்டுப்பாடு பற்றி விரிவுரைகள் ஆற்றினார். அடுத்த ஆண்டே அவர் பெயரில் ஒரு பரிசு நிறுவப்பட்டது. செய்து முடித்த காரில் குறையைத் தேடுவதைவிட, குறை உண்டாகும் இடத்திலேயே அதை நிறுத்துவது என்ற கொள்கையை டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ தொழிற்சாலை முறையாக வளர்த்தெடுத்தார். பிழையைக் காணும் எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்து வரிசை முழுவதையும் நிறுத்தலாம். இது இரத்தத்தில் வந்த குணமன்று, கற்றுக்கொள்ளக்கூடிய ஒழுங்கு. 1986-ல் அமெரிக்காவுக்குப் போன ஹூண்டாய் எக்ஸெல் அடிக்கடி பழுதாகி ஏளனத்துக்கு ஆளானது. அதே நிறுவனம் 1990களின் இறுதியில் பத்தாண்டு உத்தரவாதம் தரும் அளவுக்குத் தன் தொழிற்சாலையைத் திருத்திக்கொண்டது. இன்னும் அருகில் பார்த்தால், சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998-ல் அந்த டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் நிறுவனம் அதுவே. ஜப்பானின் ஒழுங்கு தமிழ்நாட்டுத் தொழிலாளியின் கையிலும் அப்படியே விளைந்திருக்கிறது என்பதை நான் மிகுந்த மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன்.

பெயர் பெற்ற நாடுகள் தவறியதும் உண்டு. 2015-ல் ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களில் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருள் இருந்தது வெளியானது. உலகெங்கும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வண்டிகள் அதில் சிக்கின. ஜப்பானின் தகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகள் வெடித்து உயிர்களைப் பறித்தன. கார் வரலாற்றின் மிகப் பெரிய திரும்பப் பெறுதல் அதனால் நடந்தது.

இத்தனை தெரிந்த பிறகும் ஓட்டுநர்கள் ஒத்துப்போகமாட்டார்கள், ஏனென்றால் ஒவ்வொருவரின் முன்னாலும் வேறு வேறு சான்றுகள் கிடக்கின்றன. பட்டறையில் வேலை செய்யும் மெக்கானிக்கின் கண்ணுக்குப் பழுதான வண்டிகள் மட்டுமே படுகின்றன. ஊரில் அதிகம் விற்ற காரே அவர் பட்டறைக்கும் அதிகம் வரும் என்பதால், எண்ணிக்கையைத் தரக்குறைவின் அறிகுறியாகத் தவறாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. ‘அந்தக் காலத்து ஃபியட்போல் வருமா’ என்று கேட்பவர், இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டியைப் பார்த்துச் சொல்கிறார். உடைத்து இரும்பு விலைக்குப் போட்ட நூற்றுக்கணக்கானவை அவர் கண்ணில் படுவதில்லை. டிராவல்ஸ் உரிமையாளர் கிலோமீட்டருக்கு என்ன செலவு, வண்டி எத்தனை நாள் நிற்கிறது, ஐந்து ஆண்டு கழித்து என்ன விலைக்குப் போகும் என்று கணக்கிடுகிறார். இன்னோவா அவருக்குப் பிடித்ததற்குக் காரணம் அந்தக் கணக்குதான், அது முழுக்க நியாயமான கணக்கு. ஆனால் தம் சொந்தப் பணத்தில் வாங்கி, விடியற்காலையில் காலியான சாலையில் ஓட்டி மகிழ்பவருக்கு அதே கணக்கைக் காட்டிப் பயனில்லை. உலக அளவிலான ஆய்வுகளும் இந்த விதிக்கு விலக்கல்ல. ஜே.டி. பவர் நிறுவனத்தின் ஓர் ஆய்வு முதல் 90 நாள்களில் நேர்ந்த குறைகளை எண்ணுகிறது, மற்றொன்று மூன்று ஆண்டு ஓடிய கார்களைப் பார்க்கிறது. இரண்டிலும் கைப்பேசி திரையோடு இணைய மறுப்பதும் ஒரு குறையாகவே எண்ணப்படுகிறது. எஞ்சின் பழுதையும் திரைப் பழுதையும் ஒன்றாக எண்ணும் பட்டியலில் ஒரு நாடு முன்னே நிற்பதும் பின்னே நிற்பதும் மலையேறுபவருக்கு அதிகம் சொல்வதில்லை.

என் தீர்ப்பைக் கேட்டால் மறைக்காமல் சொல்வேன். பத்தாண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளப் போகிற, ஊர்ப் பட்டறையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டிய காருக்கு ஜப்பானிய நிறுவனங்களின் ஒழுங்கையே நம்புவேன். நெடுஞ்சாலையில் வேகமாக நீண்ட தூரம் போகிறவர் பராமரிப்புச் செலவையும் தாங்குவார் என்றால் ஜெர்மன் வடிவமைப்பில் அவர் பெறும் நிலைத்தன்மை உண்மையானது. உடலின் வலிமையில் நம் டாடாவும் மஹிந்திராவும் எட்டியிருக்கும் இடம் பெருமைக்குரியது. ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் வேறுபாடு இருக்கக் கூடாது என்ற தொழிற்சாலை ஒழுங்கில் அவர்கள் இன்னும் சிறிது தூரம் போக வேண்டியிருக்கிறது. இந்த மூன்றுக்கும் மேலாக, எந்த மாடல், எத்தனை ஏர்பேக், டயரும் பிரேக் எண்ணெயும் எந்த நிலையில் இருக்கின்றன என்பவற்றுக்கு நான் முதலிடம் தருகிறேன்.

மின்சாரக் கார்கள் இந்த வரிசையையே மாற்றிவருகின்றன. 2023-ல் சீனா ஜப்பானை முந்தி உலகின் மிகப் பெரிய வாகன ஏற்றுமதி நாடானது. 1995-ல் பேட்டரி நிறுவனமாகத் தொடங்கிய சீனாவின் பி.ஒய்.டி. இன்று உலகின் பெரிய மின்சாரக் கார் நிறுவனங்களுள் ஒன்று. இந்திய முத்திரையோடு ஓடும் மின்சாரக் கார்களின் பேட்டரிச் செல்களும் பெருமளவு சீனாவிலிருந்தே வருகின்றன. ஏற்காட்டுச் சாலைக்கு இவற்றில் ஒரு தனி நன்மை உண்டு. உயரம் கூடக் கூட மோட்டாரின் இழுவை குறைவதில்லை. இறங்கும்போது பிரேக்கில் வீணாகும் ஆற்றலில் கணிசமான பங்கை மோட்டாரே பேட்டரிக்குத் திருப்பிவிடுகிறது. ஆனால் மேலே விடுதியில் இரவு முழுவதும் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு காலையில் இறங்கினால், நிறைந்த பேட்டரியில் அந்த ஆற்றலைச் சேர்க்க இடமிருக்காது. மோட்டார் பிடித்து நிறுத்தும் வேலை குறைந்து, சுமை முழுவதும் மீண்டும் சாதாரண பிரேக்கின் மேல் விழும். எண்பது சதவீதத்தோடு சார்ஜரைக் கழற்றிவிட்டு, கீழே சேலத்தில் மிச்சத்தை ஏற்றிக்கொள்வது எந்த நாட்டு மின்சாரக் காருக்கும் நல்லது.